உயரம் ஏற்றிய ஜீப்பு வண்டியின் குலுக்கலைக் குறைக்கும் வகை

மலையடிவாரக் கிராமங்களிலும் மலைத் தோட்டங்களிலும் ஜீப்பு வண்டி வைத்திருக்கும் மிராசுதார்களில் பலர், பாறையும் பள்ளமும் நிறைந்த வழிகளில் அடிப்பாகம் தட்டாதிருக்கும் பொருட்டு வண்டியின் உயரத்தை ஏற்றி வைக்கின்றனர். போடி, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் எருவையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இதைச் சாதாரணமாகக் காணலாம். உயரம் ஏற்றியபின் வண்டி தட்டுவதில்லை. ஆனால் உட்கார்ந்து போகிறவருடைய முதுகெலும்பு தட்டுகிறது. ஏற்றிச் செல்லும் தக்காளியும் வாழைத்தாரும் சந்தைக்குப் போய்ச் சேருமுன் நசுங்கிக் கன்றிப்போகின்றன. இக்குலுக்கலைப் பெரும்பாலும் அதிகச் செலவின்றியே குறைக்கலாமாகையால், அதன் காரணங்களையும் பரிகாரங்களையும் இங்கு விவரிக்கலாயிற்று.

1941ஆம் வருஷத்தில் அமெரிக்க இராணுவத்திற்காக வில்லிஸ் கம்பெனியார் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஜீப்பு வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் பட்டை வில்களே இருந்தன. அதன் வழிவந்த மஹீந்திரா ஜீப்புகளில் எம்.எம். 540 போன்ற பழைய வகைகளும் அவ்வாறானவையே. 2020இல் வெளிவந்த தார் வண்டியில் முன்னும் பின்னும் சுருள் வில்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் நமது குடியானவர்களிடம் பட்டை வில் வண்டிகள் இன்னும் ஏராளமாக இருப்பதால், அவற்றைப் பற்றியே முக்கியமாகக் கூறுவேன். வில்வண்டி கட்டிய அனுபவம் உள்ள குடும்பத்தாருக்கு இவ்விஷயம் புதிதன்று.

முதலாவது கேள்வி, உயரம் எவ்வளவு தேவை என்பதாம். வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சிலின் நடுவிலுள்ள உருண்டைப் பெட்டி தரையிலிருந்து ஓர் அங்குலங்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. வில்லின் உயரம் உதவுவது சேஸையும், முன் பின் முனைகளையும் தட்டாமல் காப்பதற்கும், பெரிய டயருக்கு இடம் விடுவதற்கும் மட்டுமே. இதை அறியாமல் நான்கு, ஐந்து அங்குலம் ஏற்றிவிட்டுப் பின் அவதிப்படுவோர் பலர். பாரத்தின் நடுநிலை மேலே போவதால் சரிவில் குறுக்கே செல்லும்போது கவிழும் அபாயமும் கூடுகிறது. ஆகவே தேவைக்கு மேலுள்ள உயரத்தை இறக்கி விடுவதே பல வண்டிகளுக்கு முதற் சிகிச்சையாகும்.

இனிக் குலுக்கலின் மூலகாரணத்தைக் கவனிப்போம். உயரம் வேண்டும் என்றவுடன் பட்டறைக்காரர் செய்யும் சுலபமான காரியம், வில்லில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்ப்பதுதான். ஒரே அளவுள்ள பட்டைகளில் எண்ணிக்கை கூடக்கூட வில்லின் விறைப்பும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் பட்டையின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. லாரியிலிருந்து கழற்றிய கனத்த பட்டையொன்றை ஜீப்பில் சேர்ப்பதன் பலன் இதனால் விளங்கும். உயரம் வேண்டுமாயின், மெல்லிய பட்டைகளை அதிக வளைவுடன் அமைப்பதே முறை. கனம் கூட்டுவது முறையன்று.

தம் வண்டியின் வில் எவ்வளவு விறைப்பானது என்பதை அறிய ஒவ்வொருவரும் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்க. பிறகு 45 கிலோ யூரியா மூட்டைகள் நான்கைச் சரியாகப் பின் ஆக்சிலுக்கு மேலே வைத்து, முன்போல் அமுக்கி விட்டு, மறுபடியும் அளக்க. ஒரு வில்லுக்கு 90 கிலோ பாரம் கூடியிருக்கும். வெறும் வண்டியில் ஒரு பின் வில் தாங்கும் பாரம் 250 கிலோ என்று கொண்டால், மேற்படி மூட்டைகளுக்கு ஓர் அங்குலம் இறங்கும் வண்டி நிமிஷத்திற்குச் சுமார் 113 முறை மேலும் கீழும் ஆடும் இயல்புடையது. அரை அங்குலமே இறங்குமாயின் ஆட்டம் சுமார் 160 ஆகும். நிமிஷத்திற்கு 60 முதல் 90 வரையுள்ள ஆட்டம் மனித தேகத்திற்கு இதமானது. 240க்கு மேல் 480 வரையுள்ள அதிர்ச்சியே முதுகையும் வயிற்றையும் மிகவும் வருத்துவது. ஜீப்பு வண்டியில் 60ஐ எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் 160இலிருந்து 110க்குக் கொண்டுவருவது கைகூடும் காரியமே. முன் வில்கள் பின் வில்களைவிடச் சற்று மெதுவாக ஆடும்படி இருந்தால், மேட்டைக் கடந்தபின் வண்டி முன்னும் பின்னும் தலையசைப்பது விரைவில் அடங்கும்.

பட்டைகளைக் குறைக்குமுன், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். துருவும் சேறும் ஏறிய வில், சிறு கற்களுக்கு அசையவே அசையாது. முழுப் பட்டையும் ஒரே இரும்புத் துண்டுபோல் அடியைச் சேஸுக்குக் கடத்திவிடும். வில்லைக் கழற்றிப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராபைட் கலந்த கிரீஸ் தடவிச் சேர்க்க வேண்டும். நுனிகளில் நைலான் துண்டுகளை வைப்பது இன்னும் உத்தமம். கூலி நீங்கலாக இதற்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம். மழைக்காலம் முடிந்தவுடன் இதைச் செய்துவிடுதல் நலம். வில்லின் கண்ணிலுள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் ரப்பரையே மாற்றுக. நீடித்து உழைக்கும் என்று கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் பாலியூரிதேன் புஷ் கடினமானது. அதிர்ச்சியை அது கூட்டும்.

வில்லின் ஒரு நுனியைச் சேஸுடன் பிணைக்கும் ஷேக்கிள் என்னும் தொங்கலையும் கவனிக்க வேண்டும். வில் அமுங்கும்போது நீளும். நீளுவதற்கு ஷேக்கிள் வெளிப்புறமாக ஆட இடம் வேண்டும். அதிக வளைவுள்ள வில்லைப் பழைய ஷேக்கிளுடன் மாட்டினால் ஷேக்கிள் உட்புறமாக மடங்கி நின்று, வில்லை நீளவொட்டாமல் தடுக்கும். அப்போது எவ்வளவு மென்மையான வில்லும் கல்லைப்போல் இருக்கும். தக்க நீளமுள்ள ஷேக்கிள் இதைச் சரிசெய்யும். ஆனால் ஷேக்கிள் முன்னால் இருக்கும் முன் வில்லில் அதை மிக நீட்டினால் ஆக்சில் சற்றே புரண்டு ஸ்டீயரிங் நிலைகொள்ளாமல் அலையும். ஆப்பு வைத்து அச்சாய்வைத் திருத்த வேண்டும். முன் ஆக்சிலுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்துவது எக்காரணத்தாலும் கூடாது. பிரேக் போடும்போது கட்டை நழுவினால் உயிர்ச்சேதம் நேரிடும்.

ஷாக் அப்சார்பர்கள் பழைய நீளமுடையவையாகவே இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவை முழுதும் நீண்டு ‘டக்’கென்று அடிக்கும். சேஸை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். வண்டி நிற்கும் நிலையில் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக ஓட்டமுள்ள அப்சார்பரே பொருத்தமானது. மிக விறைப்பானதை வாங்குவதால் பிரயோஜனமில்லை.

செலவே இல்லாத பரிகாரம் டயரின் காற்றைக் குறைப்பது. 28 இராத்தல் காற்று வைக்கும் வண்டிக்கு, கல் வழியில் மெதுவாகப் போகும்போது 20 இராத்தல் போதும். 18க்குக் கீழே இறக்கினால் டயர் விளிம்பைவிட்டுக் கழலலாம். தார் ரோட்டுக்கு வந்தவுடன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு வெளியே தொங்கும்படி ஏற்றாமல், இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே ஏற்றுவதும் ஆட்டத்தைக் குறைக்கும்.

கிராம அதிகாரிகளும் வண்டிச் சொந்தக்காரர்களும் அறிய வேண்டிய சட்ட விஷயம் ஒன்றுண்டு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தி செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டாரும் இதை வற்புறுத்தியிருக்கின்றனர். ஆதலால் உயரம் ஏற்றுவதற்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் விசாரித்துக்கொள்க. மேலே சொன்ன பராமரிப்பு வேலைகள் வேறு. வில்லைத் துடைத்துக் கிரீஸ் போடுவதற்கும், தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாக அதே வகைப் புஷ் மாட்டுவதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.