விமானிக்கு லைசென்ஸ் செக்கிங் உண்டா? போலி மார்க்ஷீட்டால் சிக்கிய பெண் கேப்டன்

ஆயக்குடி:
ஆயக்குடியில் இருந்து பழனிக்கு பைக்கில் போனாலே 'லைசென்ஸ் எடு' என்கிறது போலீஸ். 180 பேரோடு வானத்தில் பறக்கிற விமானியிடம் அதை யார் கேட்பது? கோவை, மதுரையில் விமானம் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

2011 ஜனவரியில் கோவாவில் இறங்கிய இண்டிகோ விமானம், பின்சக்கரத்துக்கு பதில் முன்சக்கரத்தில் தரை தட்டியது. விமான போக்குவரத்து இயக்குனரகம் விசாரித்தது. கேப்டன் லைசென்சுக்கு அந்த பெண் விமானி கொடுத்த மார்க்ஷீட்டே போலி என தெரிந்து அதிகாரிகள் அதிர்ச்சி அடைந்தனர். மார்ச்சில் டெல்லி போலீசார் அவரை கைது செய்தனர். அடுத்தடுத்து வேறு சில விமானிகளும் சிக்கினர்.

200 மணி நேரம் பறந்து பரீட்சை பாஸ் செய்தால் துணை விமானி லைசென்ஸ் கிடைக்கும். கேப்டன் லைசென்சுக்கு 1,500 மணி நேரம் பறக்கணும். வானிலை, வழிகாட்டல் என தனி பரீட்சையும் உண்டு. கோல்மால் நடந்தது இந்த பரீட்சை மார்க்கில்தான்.

லைசென்ஸ் வாங்கினாலும் முடியாது. உடல் தகுதி சோதனை காலாவதி ஆனால் விமானத்தை தொடக்கூடாது.

பாகிஸ்தானில் 262 விமானிகளின் லைசென்ஸ் மீது சந்தேகம் என்று 2020-ல் அமைச்சரே நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். அந்நாட்டு அரசு விமானங்களுக்கு ஐரோப்பா தடை போட்டது. தடை நீங்க 2024 நவம்பர் ஆகிவிட்டது.

இந்தியாவில் 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு லைசென்ஸ் வந்துவிட்டது. காகிதத்தில் மார்க்கை திருத்துகிற வேலை இனி அவ்வளவு சுலபம் இல்லை.