துறையில் மோதிய வள்ளத்தைப் பழுதுபார்த்தல்

உழவருக்கு ஏர் எவ்வாறோ, அவ்வாறே கடற்கரை மக்களுக்கு வள்ளம். தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்புக்கும் மீன்பிடிப்புக்கும் பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்தது, பாய்மரம் நாட்டிய பலகை வள்ளமே ஆகும். 1961-ஆம் ஆண்டிற்குப் பின் அங்கே அரசாங்க முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பெரும்பாலான வள்ளங்களில் இயந்திரமும் வந்துவிட்டது. ஆயினும், மரக்கலத்தைப் பேணும் முறை மாறவில்லை.

தூத்துக்குடியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகவே அங்கே துறையில் கட்டிய வள்ளத்திற்குக் கேடு விளைப்பது பெரும்பாலும் காற்றும் அலையுமாகும். வாடைக் காலத்தில் அலை எழும்பும்போது வள்ளம் கல்துறையில் ஓயாது மோதுகிறது. பக்கப் பலகை தேய்கிறது. பொருத்து வாய் திறக்கிறது. சில வேளை உள்ளே உள்ள வங்கும் விரிசல் காண்கிறது.

‘காயம் நீர்மட்டத்திற்கு மேலேதானே இருக்கிறது’ என்று அதைச் சிலர் விட்டுவிடுவதுண்டு. இது பெரும் ஆபத்து. பாய் விரித்தவுடன் வள்ளம் காற்றுக்குச் சாய்கிறது. அப்பொழுது துறையில் உலர்ந்து தோன்றிய பலகை நீருள் அமிழ்கிறது. கரையில் தெரியாத ஒழுக்கு நடுக்கடலில் தெரியவரும். அப்பொழுது உயிருக்கே இடையூறு நேரும்.

பழுதுபார்க்கும் முறை வருமாறு: முதலில் வள்ளத்தை மேட்டில் ஏற்றி, நல்ல நீரால் கழுவி உலர்த்துதல் வேண்டும். பிறகு மரச்சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். மங்கிய ஓசை எழுந்தால் அவ்விடம் உளுத்தது என அறியலாம். பலகைக்கு முன்னதாக வங்கைச் சோதிப்பது அவசியம். வங்கு விரிந்திருந்தால் அதன் பக்கத்தில் வேறொரு வங்கை இணைத்த பின்னரே பலகையைத் தொடவேண்டும்.

பொருத்து மட்டும் திறந்திருந்தால், பழைய அடைப்பைச் சுரண்டி நீக்கி, முறுக்கிய பஞ்சைச் செலுத்தி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து அடித்தால் போதும். பலகை உடைந்திருந்தால், உடைந்த துண்டை மட்டும் வெட்டுதல் கூடாது. நல்ல மரம் உள்ள வங்கு வரையில் வெட்டி, அதே கனமுள்ள உலர்ந்த பலகையைப் பொருத்தவேண்டும். துரு ஏறாத ஆணியே ஏற்றது. தகரத்தை வைத்துத் தார் பூசுவது பழுதை மறைக்குமேயன்றித் தீர்க்காது. தகரத்தின் அடியில் தங்கும் ஈரம் மரத்தை உளுக்கச் செய்யும். வேலை முடிந்ததும் ஆழமற்ற நீரில் ஒரு நாள் மிதக்கவிட்டு, மரம் ஊறிப் பொருத்துகள் இறுகிய பின் ஒழுக்கு உண்டா எனப் பார்த்தல் நலம்.

வருமுன் காத்தல் இன்னும் எளிது. துறைச் சுவரில் பழைய டயர்களையோ கயிற்றுச் சுருள்களையோ தொங்கவிடுவது சிறு செலவே. இதனைக் கடற்கரைப் பஞ்சாயத்துகள் முன்னின்று செய்யலாம். ஏரிக்கரையில் இயல்பாக வளைந்த கருவேல மரம் வங்குக்கு ஏற்றதாகும். அதனை விறகாக்காமல் ஒதுக்கி வைத்தால், உள்நாட்டு உழவரும் கடலோடிகளுக்கு உதவியவராவர். நம் கிராமங்கள் இதில் ஒத்துழைக்குமாக.