சிந்திய குருதி மீளும் விதம்

தோட்டத்திற்கு நீர் இறைக்கையில் வாய்க்கால் உடைந்தால், நம்மவர் முதலில் உடைப்பை அடைப்பர். பள்ளத்திலே தேங்கிய நீரையும் வீணே விடார். அள்ளிப் பாத்தியிற் சேர்ப்பர். மனித உடலிலும் இவ்வாறு செய்தல் கூடும் என்பது பலருக்கு வியப்பூட்டலாம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. கருவானது கருப்பைக்குப் புறத்தே, குழாயிலே தங்கி வளர்ந்து, அக்குழாய் வெடிக்குமாயின், வயிற்றறையினுள் பெருமளவு குருதி தேங்கும்; தாயின் உயிர் ஊசலாடும். 1914ஆம் ஆண்டில் தீஸ் என்னும் ஜேர்மன் வைத்தியர், இத்தகைய பெண்கள் மூவருக்கு அவர்தம் குருதியையே மீள ஏற்றினார்.

முறை எளிது. தேங்கிய குருதியைக் கிருமி நீக்கிய பாத்திரத்தில் அள்ளி, பல மடிப்புத் துணியில் வடித்து, உறையாதிருக்கச் சோடியம் சித்திரேற்றுச் சேர்த்து, நாளத்தின் வழியே ஏற்றுவர். தம் குருதியேயாதலின் இனம் பொருந்துமோ என்ற ஐயமில்லை. பிறர் நோய் தொற்றுமோ என்ற அச்சமுமில்லை. ஆயினும், குடல் கிழிந்து மாசு கலந்த குருதியை ஏற்றுதல் ஆபத்தாகும். இக்காலத்துப் பெரிய வைத்தியசாலைகளில், செங்குருதிக் கலங்களைச் சுழற்றிப் பிரித்து, உப்புநீரிற் கழுவித் தரும் இயந்திரங்களும் உள.

இயந்திரமும் குருதி வங்கியும் இல்லாவிடத்து என் செய்வது? 2009ஆம் ஆண்டில், குடாநாட்டிற்குத் தெற்கே, போர் சூழ்ந்த வன்னியில் அந்நிலை நேர்ந்தது. காயமுற்றோரின் குருதியைப் பிளாஸ்திக்குப் பையில் ஏந்தி, துணியில் வடித்து, வைத்தியர்கள் அவர்களுக்கே ஏற்றினர். பிரித்தானியப் பத்திரிகையாளர் பிரான்சஸ் ஹரிசன், 2012இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். பழைய முறையொன்றை அறிந்திருந்தமையே அன்று பல உயிர்களுக்குக் கடைசித் துணையாயிற்று.

எனினும், இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. உடலறையுள் தேங்கிய குருதியையே அள்ளலாம். வீதி விபத்தில் மண்ணிற் சிந்திய குருதியை யார் அள்ளுவார்? அவ்விடத்துப் பிறர் கொடுத்த குருதியே உயிர் காக்கும். அதுவும் குளிரிற் பேணினாலும், செங்குருதிக் கலங்கள் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு மேல் உதவா. ஆதலால், வங்கியை ஒருமுறை நிரப்பிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் இயலாது. இறைக்க இறைக்க ஊறும் கிணறுபோல, கொடுத்த குருதியை நம் உடல் மீண்டும் ஊறச் செய்யும். உடல்நலமுள்ளோர் கைநீட்டத் தயங்குவானேன்?