கவரில் 16, உள்ளே 15! பிஸ்கட் கம்பெனிக்கு ரூ.1 லட்சம் "பழுத்தது"

தெருவில் திரியும் வாயில்லா ஜீவன்களுக்குப் போட "சன்பீஸ்ட் மேரி லைட்" பிஸ்கட் வாங்கினார், சென்னைவாசி ஒருவர். 2021 டிசம்பரில் நடந்தது இது.

கவரில் "16 பிஸ்கட்" என்று அச்சடித்திருந்தது. ஒரு பாக்கெட்டைப் பிரித்து எண்ணினால் 15தான்! கடையில் கேட்டார். கம்பெனியிடமும் கேட்டார். சரியான பதில் இல்லை. விடுவாரா ஆசாமி? திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு பிஸ்கட் 75 பைசா என்பது அவர் கணக்கு. "அடப் போய்யா, முக்கால் ரூபாய்க்கு ஒரு கேஸா?" என்பார்கள் சிலர். லட்சம் பாக்கெட் விற்றால் 75 ஆயிரம் ரூபாய் ஆச்சே, சும்மாவா?

எண்ணிக்கைக்கு விற்கவில்லை, எடைக்குத்தான் விற்கிறோம் என்று வாதாடியது ஐ.டி.சி. கம்பெனி. அதிலும் மாட்டிக் கொண்டது! கவரில் போட்டிருந்தது 76 கிராம். நிறுத்துப் பார்த்தால் 74தான். 4.5 கிராம் வரை குறையலாம் என்று விதி இருக்கிறதே என்றார்கள். காற்றில் ஆவியாகிக் குறையும் சரக்குக்குத்தான் அந்தச் சலுகை, பிஸ்கட்டுக்குக் கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

2023-ல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு ரூ.1 லட்சம், வழக்குச் செலவு ரூ.10 ஆயிரம். அந்த "பேட்ச்" பிஸ்கட்டை விற்கவும் தடை.