பர்மிங்ஹாமில் ஒன்பதாம் தீர்மானம்

2019 ஜூன் 12. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகர மாநாட்டு அரங்கம். சதர்ன் பாப்டிஸ்ட் பேரவையின் ஆண்டுக் கூட்டத்துக்கு அன்று கடைசி நாள். ஒன்பதாம் தீர்மானம் விவாதத்துக்கு வந்ததும், புளோரிடாவின் கேப் கோரல் நகரிலிருந்து வந்திருந்த போதகர் டாம் ஆஸ்கல் மைக் முன்னால் போய் நின்றார். தீர்மானத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்றார். பிரதிநிதிகள் வாக்குச்சீட்டுகளை உயர்த்திக் காட்டினார்கள். திருத்தம் தோற்றது, தீர்மானம் நிறைவேறியது. அரங்கத்தில் சட்டென்று முடிந்துபோன அந்த வாக்கெடுப்பு, சபைகளுக்குள் இன்னும் முடியவில்லை.

அந்தச் சர்ச்சையின் மையத்தில் இருப்பது சமூக நீதி. தமிழ்நாட்டில் 'சமூக நீதி' என்றதும் இடஒதுக்கீடு நினைவுக்கு வரும், பெரியார் நினைவுக்கு வருவார். மேடையில் அந்தச் சொல்லை எதிர்த்துப் பேச யாரும் எளிதில் துணியமாட்டார்கள். கடலுக்கு அப்பால் ஆஸ்கல் போன்ற ஒரு போதகர் அதைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்?

தீர்மானம் இரண்டு சிந்தனைகளைப் பற்றியது. ஒன்று, விமர்சன இனக் கோட்பாடு. டெரிக் பெல் போன்ற சட்ட அறிஞர்கள் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்தது. இனவெறி தனிமனிதர்களின் மனத்தில் மட்டும் குடியிருப்பதில்லை, சட்டத்திலும் குடியிருப்பிலும் வேலைவாய்ப்பிலும் படிந்துகிடக்கிறது என்பது அதன் வாதம். இன்னொன்று இன்டர்செக்‌ஷனாலிட்டி. 1989-இல் கிம்பர்லி கிரென்ஷா இந்தச் சொல்லை முன்வைத்தபோது ஒரு வழக்கை எடுத்துக்காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர்களே முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். இனப் பாகுபாட்டையும் பெண் என்பதற்கான பாகுபாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் புகார் செய்ய முடியாது என்று நீதிமன்றம் 1976-இல் கைவிரித்துவிட்டது. அவர்கள் பட்ட அடியோ இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் விழுந்திருந்தது.

இந்தச் சிந்தனைகளை வேதாகமத்துக்குக் கீழ்ப்பட்ட ஆய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தலாம், உலகப் பார்வையாக ஏற்கக் கூடாது என்றது ஒன்பதாம் தீர்மானம். கலிபோர்னியாவிலிருந்து ஒரு போதகர் முதலில் அனுப்பிய வரைவு இவற்றைக் கண்டித்தது. தீர்மானக் குழுதான் அதைத் திருத்தி எழுதியது. பாப்டிஸ்ட் சபைகளில், நம்மூர் சிஎஸ்ஐ போலப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே பொறுப்பு. பேரவைத் தீர்மானம் எந்தச் சபையையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2024 கணக்குப்படி 1 கோடியே 27 லட்சம் அங்கத்தினர்கள் கொண்ட அமைப்பு அது. அங்கே ஒரு வாக்கியம் மாறினால் ஊர் ஊராக எதிரொலிக்கும்.

ஆஸ்கலின் கவலையை அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 2018-இல் டாலஸில் கூடிப் பேசிய சில போதகர்கள் 'சமூக நீதியும் சுவிசேஷமும்' பற்றி 14 பிரிவுகள் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். ஜான் மெக்கார்தர், கறுப்பினப் பிரசங்கியார் வோடி பாக்கம், ஆஸ்கல் ஆகியோர் அதன் முதல் கையொப்பக்காரர்களில் சிலர். இனவெறி பாவம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. பாவம் செய்தவன்தான் மனந்திரும்ப வேண்டும், தோல் நிறத்துக்காக ஒருவன் மீது குற்றத்தைச் சுமத்தக் கூடாது என்பது அவர்கள் கட்சி. சிலுவையில் கிடைத்த மன்னிப்பு முழுமையானது என்று பிரசங்கித்துவிட்டு, எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் தீராத கடன் ஒன்று இருக்கிறது என்று எப்படிப் போதிப்பது? இது விசுவாசத்தின் ஆழத்திலிருந்து எழும் கேள்வி. அதை வெறும் வெள்ளையர் தற்காப்பு என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

அச்சத்துக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. 1886-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புக்குப் போதகராக வந்த வால்டர் ரவுஷன்புஷும் பாப்டிஸ்ட்தான். குழந்தைகளின் சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று நின்று மனம் நொந்தவர் அவர். 1907-இல் வெளியான அவருடைய நூல் 'சமூக சுவிசேஷம்' என்ற இயக்கத்துக்கு உரமூட்டியது. அந்த வழியில் போன சபைகள் சமூக சேவையைப் பிடித்துக்கொண்டு இரட்சிப்பைக் கைவிட்டுவிட்டன என்பது பழமைவாதப் போதகர்களின் நெடுங்கால வருத்தம்.

இங்கேதான் 1845-ஐச் சொல்லியாக வேண்டும். அடிமை வைத்திருந்த ஜேம்ஸ் ரீவ் என்பவரை மிஷனரியாக அனுப்பும்படி ஜார்ஜியா பாப்டிஸ்டுகள் 1844-இல் கேட்டார்கள். மிஷன் சங்கம் மறுத்தது. மறு ஆண்டே தென் மாநிலத்தார் அகஸ்டாவில் கூடி இந்தப் பேரவையைத் தனியாகத் தொடங்கினார்கள். போதகர்களைப் பயிற்றுவிக்கும் பேரவையின் லூயிவில் செமினரியை நிறுவிய நால்வரும் அடிமைகளின் எஜமானர்கள், அவர்களிடம் மொத்தம் 50-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள் என்று அந்தச் செமினரியே 2018-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. பேரவை மன்னிப்புக் கேட்டது 1995-இல், 150 ஆண்டுகள் கழித்து.

ஆகவே 2020 நவம்பர் 30 அன்று, பேரவையின் ஆறு செமினரித் தலைவர்களும் சேர்ந்து விமர்சன இனக் கோட்பாடு தங்கள் விசுவாச அறிக்கைக்கு ஒவ்வாதது என்று அறிவித்தபோது கறுப்பினப் போதகர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்டது. அறுவரும் வெள்ளையர்கள். சிகாகோவின் சார்லி டேட்ஸ், ஹூஸ்டனின் ரால்ஃப் வெஸ்ட் இருவரும் அடுத்த மாதமே உறவை முறித்துக்கொண்டார்கள். 2021-இல் நாஷ்வில் கூட்டம் கோட்பாட்டின் பெயரைச் சொல்லாமலே ஒரு சமரசத் தீர்மானம் போட்டது. 2022-இல் ஆஸ்கல் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, டெக்சஸ் போதகர் பார்ட் பார்பரிடம் தோற்றார்.

ஆஸ்கல் திருத்தம் கேட்ட அரங்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயம் இருக்கிறது. 1963 செப்டம்பரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்த ஆலயம். அதே ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் எட்டு மதகுருமார்களின் விமர்சனத்துக்கான பதில். அவர்களில் ஒருவர் நகரின் 'ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட்' சபையின் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ், ஒரு சதர்ன் பாப்டிஸ்ட். ஈஸ்டர் ஞாயிறன்று கறுப்பினத்தவரைத் தடுக்காமல் ஆராதனையில் உட்காரவிட்டதற்காகக் கிங் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார். அதற்குப் பின் ஸ்டாலிங்ஸ் அங்கே நீண்ட காலம் நீடிக்கவில்லை.

1970-இல் அதே சபையில் ஒரு கறுப்பினத் தாயும் மகளும் அங்கத்தினராகச் சேர விரும்பினார்கள். சிறுமி, அந்தச் சபையே நடத்திய பாட வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அந்தச் சபைக்கு மனம் இருந்தது. தன் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை. அங்கே நடந்தது யாருடைய பாவம், யார் மனந்திரும்ப வேண்டும் என்று கேட்டால், ஒவ்வொருவரின் மனத்தை மட்டும் தோண்டிப் பார்த்து விடை சொல்லிவிட முடியாது. ஒன்பதாம் தீர்மானத்தில் ஆய்வுக் கருவி வேண்டும் என்றவர்கள் தேடியது இதற்கான விடையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்கெடுப்பில் தாய்க்கும் மகளுக்கும் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. போதகர் விலகினார். அவரோடு வெளியேறியவர்கள் அதே நகரத்தில் வேறொரு சபையைத் தொடங்கினார்கள்.