கார்டு இருந்தும் பணம் கட்டச் சொன்னால்

மல்லசமுத்திரம் பக்கம் பெரிய வைத்தியம் என்றால் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோதான் போகிறோம். தறிக்காரர், ரிக் வண்டிக்காரர், பருத்தி போடுபவர் என்று பல வீடுகளில் இன்று மெடிக்ளைம் பாலிசி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனதும், “இந்தக் கம்பெனி கார்டை இப்போது நாங்கள் எடுப்பதில்லை, பணம் கட்டிச் சேருங்கள்” என்று சொல்லிவிட்டால், கட்டிய பிரீமியமெல்லாம் வீண் என்றே தோன்றும். வீண் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இதில் இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்று உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலானது, அதுதான் பாலிசி. மற்றொன்று கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலானது: எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் பணம் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கையிலிருந்து பணம் கட்டாமல் கார்டைக் காட்டி வைத்தியம் பார்க்கும் கேஷ்லெஸ் வசதி நிற்பது இந்த இரண்டாவதின் மேல். அது முறிந்தால் கேஷ்லெஸ் போகும், பாலிசி போகாது.

2025 ஆகஸ்டில் இது நாடறிய நடந்தது. மருத்துவமனைகளின் சங்கமான ஏஹெச்பிஐ, பஜாஜ் அலையன்ஸ் கார்டுக்கு வட இந்திய உறுப்பு மருத்துவமனைகள் செப்டம்பர் 1 முதல் கேஷ்லெஸ் தரவேண்டாம் என்றது. செலவு ஏறியும் பழைய கட்டணத்தையே தருகிறார்கள், பில்லில் பிடித்தம் செய்கிறார்கள் என்பது அவர்கள் குறை. கெடு வருமுன் பேசி அதைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த்துக்கும் இதே எச்சரிக்கை. ஆஸ்பத்திரிகள் பில்லைக் கூட்டுகின்றன, அதனால் பிரீமியம் ஏறுகிறது என்பது கம்பெனிகளின் வாதம். 2010 ஜூலையில் நடந்தது இதற்கு நேர்மாறு: அரசுத் துறையின் நான்கு கம்பெனிகளே சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் பல பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கேஷ்லெஸை நிறுத்தின. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் நடுவில் தவிப்பது படுக்கையில் இருப்பவர். அவரை வைத்து விலை பேசுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை.

கேஷ்லெஸ் இல்லாவிட்டால், பணம் கட்டி வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். சொல்வது சுலபம், ஒரே ராத்திரியில் லட்சங்கள் புரட்ட நகையைத்தான் அடகு வைக்கவேண்டும். கட்டியது முழுதும் திரும்பாமலும் போகலாம். பேசிவைத்த கட்டணம் இல்லாததால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும். கம்பெனியோ ‘நியாயமான கட்டணம்’ என்று தான் கருதுவதைத்தான் தரும். இன்னொரு எச்சரிக்கை: கம்பெனி அடியோடு விலக்கிவைத்த ஆஸ்பத்திரிகளின் பட்டியல் தனி. அங்கே உயிர்போகும் அவசரமோ விபத்தோ தவிர, பின்னால் கேட்டாலும் கிடைக்காது.

ஆகவே, நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் கம்பெனியின் போன் எண்ணிலும், இரண்டு இடத்திலும் கேட்டுவிடுங்கள். பாலிசி எடுத்தபோது தந்த பட்டியலை நம்பவேண்டாம். 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு கவுன்சில் கொண்டுவந்த ‘எங்கும் கேஷ்லெஸ்’ ஏற்பாட்டில், ஒப்பந்தமில்லாத ஆஸ்பத்திரியிலும் கேட்டுப்பார்க்கலாம். சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே, அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும், ஆஸ்பத்திரியும் சம்மதிக்கவேண்டும். கைப்பணம் கட்டினால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், ரசீது, பரிசோதனை ரிப்போர்ட் எதையும் விடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு. அது அரசு நடத்தும் திட்டம். தனியார் பாலிசித் தகராறு அதைத் தொடாது.

கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்கை எடுப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அவர் உத்தரவைக் கம்பெனி 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்பது 2024 மே மாத விதி.