அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் ரன்னிங் பேக் வீரரின் பணிச்சுமை

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கி, எதிரணியின் தடுப்பு வீரர்களுக்கிடையே புகுந்து ஓடி முன்னேறும் தாக்குதல் வீரர் ரன்னிங் பேக் எனப்படுகிறார். ஒரு பருவத்தில் அவர் எத்தனை முறை பந்தை ஏந்தி ஓடுகிறார் என்பதே அவரது பணிச்சுமையின் முதன்மை அளவு. அணியின் பளு முழுவதையும் ஒரே வீரர் சுமப்பது இவ்விளையாட்டின் தொன்றுதொட்ட வழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அத்தகைய பெரும் பளு 1970களில் வளர்ந்து, 2006இல் உச்சம் தொட்டு, பின்னர் தணிந்த ஒரு காலகட்டத்துக்கே உரியது.

அளவிடும் முறை

பந்தை ஒருமுறை ஏந்தி ஓடுவது ஓர் ஓட்டம் என்று கணக்கிடப்படுகிறது. இது கிரிக்கெட்டின் ஓட்டத்தைப் போன்று புள்ளியைக் குறிப்பதன்று. பெரும்பாலான ஓட்டங்கள் வீரர் தரையில் வீழ்த்தப்படுவதில்தான் முடியும். ஆகவே ஓட்டங்களின் எண்ணிக்கை, அவர் உடல் தாங்கிய மோதல்களையும் ஓரளவு காட்டுகிறது.

வெவ்வேறு காலத்து எண்களை ஒப்பிடும்போது பருவத்தின் நீளத்தையும் கருத வேண்டும். என்.எஃப்.எல் எனப்படும் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவில் ஒவ்வோர் அணியும் 1960 வரை 12 ஆட்டங்கள் ஆடியது. 1961இல் அது 14 ஆகவும், 1978இல் 16 ஆகவும், 2021இல் 17 ஆகவும் உயர்ந்தது.

தொடக்கக் காலம்

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜிம் பிரவுன் 1958இல் 12 ஆட்டங்களில் 257 முறை ஓடினார். இது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 21 ஓட்டங்கள். அக்காலத்தில் இது விதிவிலக்கான சுமை. பல அணிகளில் இருவர் அல்லது மூவர் பளுவைப் பகிர்ந்துகொண்டனர். 1972இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடிய மயாமி டால்பின்ஸ் அணியில் லாரி சோன்கா, மெர்குரி மோரிஸ் ஆகிய இருவருமே தலா 1,000 யார்டுகளை எட்டினர். ஒரே அணியின் இருவர் ஒரே பருவத்தில் அவ்வாறு எட்டியது அதுவே முதன்முறை.

உச்சக்காலம்

1970களில் நிலை மாறத் தொடங்கியது. 1973இல் ஓ. ஜே. சிம்ப்சன் 14 ஆட்டங்களில் 332 முறை ஓடி 2,003 யார்டுகள் முன்னேறினார். 16 ஆட்டப் பருவம் வந்தபின் எண்கள் மேலும் ஏறின. 1984இல் ஜேம்ஸ் வைல்டர் 407 முறையும், 1998இல் ஜமால் ஆண்டர்சன் 410 முறையும் ஓடினர். 2006இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் லாரி ஜான்சன் 416 முறை ஓடினார். ஆட்டத்துக்கு 26 ஓட்டங்கள் என்ற இக்கணக்கே ஒரு பருவத்துக்கான சாதனையாக உள்ளது.

இப்பளுவுக்குப் பின் பலர் தளர்ந்தனர். ஆண்டர்சன் அடுத்த பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்றார். ஜான்சன் 2007இல் பாதக் காயத்தால் பாதிப் பருவத்தை இழந்தார். 1980இல் 373 முறை ஓடிய ஏர்ல் கேம்பல் எட்டுப் பருவங்களில் ஓய்வு பெற்றார்; பிற்காலத்தில் முதுகுத்தண்டுப் பாதிப்பால் நடக்கவே சிரமப்பட்டார்.

இதனால் 370 ஓட்டங்களைத் தாண்டியவர் அடுத்த ஆண்டு வீழ்வார் என்ற கருத்து பரவியது. இதை அப்படியே ஏற்க இயலாது. எரிக் டிக்கர்சன் 1983இல் 390, 1984இல் 379, 1986இல் 404, 1988இல் 388 ஓட்டங்கள் எடுத்தார். மேலும், ஒரு பருவம் முழுதும் காயமின்றி நன்றாக ஆடுபவருக்கே அத்தனை வாய்ப்புகள் கிடைக்கின்றன. அத்தகைய சிறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு சற்றுக் குறைவாக அமைவது இயல்பு. பளு உடலைத் தேய்க்கிறது என்பது உண்மை. 370 என்ற எண்ணில் அபாய எல்லை எதுவும் இல்லை.

சுமை குறைந்த காரணங்கள்

முதற்காரணம் பந்தெறிதலின் வளர்ச்சி. 1978இன் விதிமாற்றங்கள், முதல் ஐந்து யார்டுகளுக்கு அப்பால் பந்தைப் பிடிக்கச் செல்பவரைத் தடுப்பு வீரர் இடிப்பதைத் தடை செய்தன. 2004இல் இவ்விதி மேலும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. எறிந்து முன்னேறுவது எளிதானதால் ஓடும் வாய்ப்புகள் குறைந்தன. இரண்டாவது, ஓட்டத்துக்கு ஒருவர், பந்தைப் பிடிக்க ஒருவர், எல்லைக்கோட்டருகே ஒருவர் எனப் பளுவைப் பிரிக்கும் முறை பரவியது.

இதன் விளைவாக 2015இல் அட்ரியன் பீட்டர்சன் ஒருவர் மட்டுமே 300 ஓட்டங்களைத் தாண்டினார். 2023இல் எவரும் அதை எட்டவில்லை. அவ்வாண்டு முதலிடம் பெற்ற டெரிக் ஹென்றி எடுத்தவை 280 ஓட்டங்களே. எனினும் ஓட்டங்களை மட்டும் எண்ணுவது போதாது. 2019இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 287 முறை ஓடியதுடன் 116 முறை பந்தைப் பிடித்தார். இரண்டையும் கூட்டினால் 403.

ஊதியமும் பணிச்சுமையும்

2011இன் தொழிலாளர் ஒப்பந்தம் புதுவீரர்களின் ஊதியத்துக்கு வரம்பிட்டது. தேர்வுச் சுற்றில் எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் நீடிக்கும். ரன்னிங் பேக்கின் உடல் வலிமை மிகுந்த ஆண்டுகளும் பெரும்பாலும் அவையே. அவர் பெரிய ஊதியம் கேட்கும் நிலைக்கு வரும்போது, உடல் தேய்ந்துவிட்டது என்று அணி தயங்குகிறது. 2013இல் முதற்சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் தேர்வாகவில்லை. 1963க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

2017இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லீவியன் பெல் 321 ஓட்டங்களும் 85 பிடிகளும் எடுத்தார். நீண்டகால ஒப்பந்தம் கிடைக்காததால், மறு ஆண்டு ஏறத்தாழ 1.45 கோடி டாலர் தரும் ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, முழுப் பருவமும் ஆடாதிருந்தார். மீண்டும் அத்தகைய பளுவைச் சுமந்து காயமுற்றால், நீண்டகால ஒப்பந்தம் கிட்டாமலே போகலாம் என்பது அவர் முன்னிருந்த அபாயம்.

அண்மைக்காலம்

2024இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சக்குவான் பார்க்லி 16 ஆட்டங்களில் 345 முறை ஓடி 2,005 யார்டுகள் முன்னேறினார். அவரது அணி சூப்பர் பௌலையும் வென்றது. பழைய காலம் திரும்பிவிட்டதாக அப்போது பேசப்பட்டது. ஆனால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 என்ற அவரது சராசரி, 1958இன் ஜிம் பிரவுனுக்கு அருகில் நிற்கிறதே தவிர, 2006இன் 26ஐ எட்டவில்லை. சிறந்த ஒருவருக்கு மிகுதியான வாய்ப்பு அளிப்பது என்றும் உள்ள வழக்கம். ஒருவரை ஆட்டத்துக்கு 26 முறை மோதவிடுவதே இன்று அணிகள் தவிர்ப்பது.